ஒகேனக்கல்லுக்குக் கீழே தனிப் படகில்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

ஒகேனக்கல் அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் பாய்ந்து வரும் காவிரி, மெல்ல அகன்று மேட்டூர் அணையின் தேக்கமாக மாறுகிறது. இந்தப் பக்கம் தருமபுரி மாவட்டத்தின் ஒட்டனூர், நாகமரை. எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்தின் கோட்டையூர், பண்ணவாடி. சின்ன ஃபைபர் படகில் ஐந்து எச்.பி. எஞ்சினை மாட்டிக்கொண்டோ, பரிசலிலோ, இந்தத் தண்ணீரில் ஒற்றை ஆளாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணுக்கு என்ன தெரிகிறது, காதுக்கு என்ன கேட்கிறது என்பதிலிருந்து பழுதைப் பிடிக்கும் முறை இது.

அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பரிசல் ஓட்ட உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே இடமுண்டு. தண்ணீர் கூடினால் மாவட்ட நிர்வாகம் அவர்களையும் நிறுத்திவிடும். கரையோரக் காட்டில் நிறைய இடம் சரணாலயம்: 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என அறிவிக்கப்பட்டவை. எஞ்சின் வைத்த படகுக்குப் பதிவும் தேவை. ஆகவே வனத்துறை, மாவட்ட நிர்வாகம், அணையைப் பார்க்கும் நீர்வளத்துறை எல்லோரிடமும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அருவிக்கு மேலே தனியாகப் படகை இறக்கவே கூடாது. அங்கே எஞ்சின் நின்றால் சரிசெய்ய நேரம் கிடைக்காது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்

படகில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் துடுப்பைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் எஞ்சினைத் திறப்பார். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் குனிந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் நேரத்தில் படகு தன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பாறை எங்கே, மரக்கட்டை எங்கே என்று பார்க்க ஆளில்லை. அதனால் முதலில் படகை நிறுத்துங்கள், அப்புறம் பழுதைப் பாருங்கள். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

நிறுத்த வேண்டுமென்றால் நங்கூரம் தயாராக இருக்க வேண்டும். கயிறு ஏற்கெனவே முன்பக்க வளையத்தில் கட்டப்பட்டு, சிக்கில்லாமல் சுருட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டி எடுக்கிற மாதிரி இருக்கட்டும். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு விடுங்கள். குறைத்து விட்டால் நங்கூரம் தரையைப் பிடிக்காமல் இழுபடும். பின்பக்கத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள். எஞ்சின் எடை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, ஓட்டம் இழுத்தால் பின்பலகை அமிழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறிவிடும். பாறைத் தரையில் இரும்பு நங்கூரம் சிக்கிக்கொள்ளும். கல் நிரப்பிய வலைப்பை அங்கே நல்லது, சிக்கினாலும் பை கிழிந்து கயிறு வந்துவிடும். அருவியை ஒட்டிய இடுக்குப் பகுதியில் ஆழம் அதிகம், நங்கூரம் எட்டாது. அங்கே துடுப்புப் போட்டுக் கரை ஒதுங்குவது ஒன்றே வழி. எஞ்சின் படகிலும் இரண்டு துடுப்பு இருந்தே ஆக வேண்டும்.

கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது, எஞ்சின் எடுக்கவில்லை

பிளக்கைத் தேடும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். இழுத்தால் எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்சின் கொக்கி இடத்தில் மாட்டியிருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டேங்க் மூடியின் மேலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? டேங்கிலிருந்து வரும் குழாயிலுள்ள ரப்பர் உருண்டை, அமுக்கி அமுக்கிக் கெட்டியாகிவிட்டதா? படகை இறக்கும் அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான்.

நான்கும் சரி, ஆனால் பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது என்றால் சோக்கை அதிக நேரம் இழுத்து வைத்ததில் எஞ்சினுக்குள் பெட்ரோல் நிறைந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளுங்கள், பெட்ரோல் குழாயைக் கழற்றுங்கள், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து ஏழெட்டு முறை இழுங்கள். எடுக்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, வெயிலில் சற்று வைத்து, திரும்ப மாட்டுங்கள். மாற்றுப் பிளக் ஒன்று பையில் இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. கழற்றும்போது மடியில் துணி விரித்துக்கொள்ளுங்கள், ஆற்றில் விழுந்த பிளக் திரும்ப வராது.

பெட்ரோல் வாடையே இல்லை, பிளக்கும் காய்ந்து கிடக்கிறது என்றால் எரிபொருள் வரவில்லை. அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

நன்றாக எடுத்த எஞ்சின் பத்து நிமிடத்தில் திணறி நிற்கிறது

ரப்பர் உருண்டையைத் தொட்டுப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. உருண்டை சப்பென்று ஒட்டிப்போயிருந்தால் டேங்கிலிருந்து வர வழியில்லை என்று அர்த்தம்: காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது டேங்க்கின் அடியிலுள்ள வலைச்சல்லடை அடைத்திருக்கிறது. உருண்டை தொளதொளவென்று இருந்து, அமுக்கினால் மட்டும் எஞ்சின் ஓடுகிறது என்றால் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. இணைப்புகளின் ரப்பர் வளையத்தையும் கிளிப்பையும் பாருங்கள். வெயிலில் கிடந்த குழாய் வெடித்திருக்கலாம். வெடித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மாட்டலாம். அதற்கும் வழியில்லை என்றால், ஒரு கையால் உருண்டையை அமுக்கிக்கொண்டே மெதுவாக அருகிலுள்ள துறைக்கு வந்துவிடலாம். நடு ஏரியைத் தாண்ட இதை நம்ப வேண்டாம்.

உருண்டை சரியாகவே இருக்கிறது, எஞ்சின் மட்டும் விட்டுவிட்டு இருமுகிறது என்றால் பெட்ரோலில் தண்ணீர். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. ஆற்றோர ஈரத்தில், பாதி காலியான டேங்கில், வாரக்கணக்கில் நின்ற பெட்ரோல் கெட்டுப்போவது அதனால்தான். சோதிப்பது சுலபம். கார்புரேட்டரின் அடித்திருகைத் திறந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அசைக்காமல் வையுங்கள். ஆடாமல் வைத்த மோரில் தெளிவும் கலங்கலும் பிரிவதைப்போல இரண்டு அடுக்காகப் பிரிந்தால், அடியில் நிற்பது தண்ணீர். அந்த டேங்கை ஒதுக்கிவிட்டு, தனியாகக் கொண்டுவந்த கேனிலிருந்து ஊற்றுங்கள். எல்லாப் பெட்ரோலையும் ஒரே டேங்கில் வைத்துப் போகக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். பிடித்ததை ஆற்றில் ஊற்றாதீர்கள். இந்தத் தண்ணீரைத்தான் கீழே பல ஊர்கள் குடிக்கின்றன.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால், வேறு கேனிலிருந்து ஊற்றும் அவசரத்தில் ஆயிலை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான எஞ்சின்களுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் எஞ்சினின் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை

கியர் விழுந்ததா என்று பாருங்கள். விழுந்திருந்தால் எஞ்சினை அணைத்து, தூக்கி, தண்ணீரைத் தள்ளும் விசிறியை (புரொப்பல்லரை) கையால் சுற்றுங்கள். முன்னால் கியரில் போட்டும் விசிறி தாராளமாகச் சுற்றினால் ஷியர் பின் உடைந்திருக்கிறது. பாறையிலோ கட்டையிலோ அடித்தால் கியர் உடையாமல், தான் உடைந்து காப்பாற்றுவதற்காகவே வைக்கப்பட்ட பின் அது. விசிறி முனையின் மூடியைக் கழற்றினால் தெரியும். மாற்றுப் பின் இரண்டும், அதை மாட்டக் கட்டிங் பிளேயரும் எப்போதும் வைத்திருங்கள். ஆணியை வெட்டிச் செருகினால் அடுத்த அடியில் உடைய வேண்டியது உடையாது, கியர் போய்விடும்.

சற்றுப் பெரிய எஞ்சின்களில் பின்னுக்குப் பதில் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். அது தேய்ந்தால் மெதுவாக ஓட்டும்போது படகு போகும், வேகம் கூட்டினால் சத்தம் மட்டும் ஏறும். ஆற்றில் அதைச் சரிசெய்ய முடியாது. மெதுவாகவே கரைக்கு வாருங்கள்.

எஞ்சின் பின்னால் பீய்ச்சும் மெல்லிய தண்ணீர் நின்றுவிட்டது

உடனே அணையுங்கள். அந்தத் தாரைதான் எஞ்சினுக்குள் குளிர்நீர் ஓடுவதற்குச் சாட்சி. மேட்டூர்த் தேக்கத்தில் சில பருவங்களில் பச்சைப் பாசி கெட்டியாகப் படர்ந்து நாற்றமே அடிக்கும். அதோடு ஆகாயத்தாமரை வேர், பிளாஸ்டிக் உறை எல்லாம் விசிறிக்கு மேலுள்ள உறிஞ்சும் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினைத் தூக்கிக் கையால் வழித்தெடுங்கள். துளை சுத்தமாக இருந்தும் தாரை வரவில்லை என்றால், தாரை வெளிவரும் சின்ன ஓட்டையைத் தூண்டில் நரம்பால் குத்திவிடுங்கள், மண் அடைத்திருக்கும். அதற்கும் வரவில்லையா? குளிர்நீரை உறிஞ்சித் தள்ளும் ரப்பர் சக்கரம், அதாவது உள்ளே இருக்கும் இம்பெல்லர், போய்விட்டது. இனி எஞ்சின் கிடையாது, துடுப்புதான். ‘கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

பாசி படர்ந்த இடத்தில் அடிக்கடி திரும்பித் தாரையைப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும்.

விசிறி திடீரென்று இறுகிக்கொண்டது

தெர்மாகோல் துண்டு, காலி வாட்டர் பாட்டில், செருப்பு மிதக்கிறது என்றால் அது குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் வலை இருக்கும். மேட்டூர்த் தேக்கத்தில் மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இரு கரையிலும் இருக்கின்றன. சாயங்காலம் பரிசலில் போய் வலை விட்டு, விடியற்காலையில் எடுப்பார்கள். மிதவைக்கும் மிதவைக்கும் நடுவே புகுந்து போகாதீர்கள். வரிசை எங்கே முடிகிறது என்று பார்த்துச் சுற்றிப் போங்கள்.

நாகமரைத் துறையில் ஓர் இளைஞரின் படகு இப்படி மாட்டிக்கொண்டபோது, பக்கத்தில் பரிசலில் இருந்த பெரியவர் சொன்ன முறையை நான் அப்படியே தருகிறேன்.

‘ரிவர்ஸ் போடாத தம்பி, இன்னும் இறுகும். அணைச்சுட்டு மேல தூக்கு.’

‘கத்தி இருக்குதுங்கண்ணா, அறுத்துடட்டுமா?’

‘அவசரப்படாதப்பா. எந்தப் பக்கம் சுத்துச்சோ அதுக்கு மறுபக்கம் கையால திருப்பு. அதுவே அவுந்து வரும். வராத எடத்துல மட்டும் ஒரு கண்ணு அறு.’

விசிறியை எதிர்ப்பக்கம் ஒவ்வொரு சுற்றாகத் திருப்பத் திருப்ப, வலை மடிப்பு மடிப்பாகக் கழன்றது. கடைசியில் இரண்டு கண்ணிகள்தான் அறுபட்டன. கழன்ற பிறகு பெரியவர் விசிறியைக் கழற்றச் சொன்னார். அதன் பின்னால், தண்டை ஒட்டி, நகக்கண் அளவுக்கு நைலான் நூல் சுருண்டு கிடந்தது. வெளியில் பார்த்தால் தெரியாத இடம் அது. அந்த நூலை விட்டால் ஆயில் சீலை அறுத்துவிடும், கியர் பெட்டிக்குள் தண்ணீர் போகும். பிறகு ஆயிலை மாற்றும்போது வெளுத்துப்போய் வரும். அப்படி வந்தால் காரணம் இதுதான்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் கில் சுவிட்ச் கொக்கியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். வலையில் கால் படாதபடி படகுக்குள்ளேயே இருந்து வேலை செய்யுங்கள், தண்ணீரில் இறங்கி வலையை அவிழ்க்காதீர்கள். தனியாக இருக்கும்போது வலையில் கால் மாட்டினால் இழுத்துவிட ஆளில்லை. வலை கிழிந்துவிட்டால் துறையில் கேட்டு, யாருடையதோ அவரிடம் நேரில் சொல்லி, அதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வலை அவருக்குப் பல நாள் வருமானம்.

காலடியில் தண்ணீர் சேருகிறது

முதலில் பின்பலகையின் அடைப்பானைத் தொட்டுப் பாருங்கள். கரையில் தண்ணீர் வடியத் திறந்ததை மூடாமல் இறக்குவது நடக்கிற விஷயம். அது சரியாக இருந்தால், தேங்கிய தண்ணீரின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கோட்டைத் தாண்டவில்லை என்றால் அலை தெறித்த தண்ணீர், மொண்டு ஊற்றினால் போதும். ஏறிக்கொண்டே போனால் ஓட்டை. வேகமாகக் கரைக்குப் போகத் தோன்றும், ஆனால் வேகம் கூடினால் முன்பக்க விரிசலில் தண்ணீர் இன்னும் அழுத்தமாக நுழையும். துணியில் கிரீஸ் தடவி உள்ளிருந்து திணித்து, அதன்மேல் பலகைத் துண்டை வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு, நிதானமாகக் கரை சேருங்கள். கரையில் துடைத்து, காயவைத்து, எம்-சீல் பிசைந்து ஒட்டி, அது கல்லாக இறுகிய பிறகு இறக்கலாம்.

பரிசலாக இருந்தால் கவிழ்த்துப் போட்டு, கிழிந்த இடத்தில் தார் காய்ச்சிப் பூசி, மேலே ஷீட் ஒட்டுவார்கள். துறைக்காரர்களிடம் கொடுத்தால் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது

படகு ஓட்டத் தெரிந்தவர்களுக்கே முதலில் இப்படித்தான் ஆகும். வட்டமான அடிப்பாகத்துக்கு முன் பின் கிடையாது. பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் அது சுற்றத்தான் செய்யும். போக வேண்டிய திசையைப் பார்த்து விளிம்பை ஒட்டி முட்டி போட்டு உட்காருங்கள். துடுப்பை நேர் எதிரே தண்ணீரில் செங்குத்தாக விட்டு, உங்களை நோக்கி இழுங்கள். அல்லது எதிரிலேயே எட்டு போடுவதைப்போல இடமும் வலமும் அலசுங்கள். ஆள் ஒரு பக்கம் உட்காருவதால் அந்தப் பக்கம் அமிழும். மூட்டை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் வைத்துச் சமன் செய்யுங்கள். ஓட்டமுள்ள இடத்தில் மெதுவாகச் சுற்றினால் பதறாதீர்கள், சுற்றுவதால் பரிசல் கவிழாது. எழுந்து நிற்பதால்தான் கவிழும்.

தண்ணீர் கலங்கி வருகிறது, ஆற்றின் சத்தம் மாறுகிறது

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பென்னாகரத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும், ஒரு பொட்டு மழை இருக்காது. ஆனால் குடகில் பெய்த மழை ஒகேனக்கல் பாறைகளை மூடிவிடும். கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறக்கும் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு நாளில் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவுக்கு வந்து சேரும். மத்திய நீர்வள ஆணையம் அங்கே அளப்பதைத்தான் செய்தியில் ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ என்று தினமும் சொல்கிறார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு என்று தீர்ப்பளித்த 177.25 டி.எம்.சி.யும் அங்கேதான் கணக்கிடப்படுகிறது. விவசாயிக்கு அது பங்கீட்டுக் கணக்கு. படகில் போகிறவருக்கு அது உயிர்க் கணக்கு. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். நேற்று 8,000, இன்று காலை 15,000 என்றால் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர் கூடுதலாக வருகிறது. 2018, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆகஸ்ட்டில் வரத்து 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. எண் ஏறிக்கொண்டிருக்கும் நாளில் படகை இறக்காதீர்கள். பிலிகுண்டுலு எண்ணோடு மேலே உள்ள இரண்டு அணைகளின் திறப்பையும் சேர்த்துப் பாருங்கள், நாளை மறுநாள் வரப்போவது அதில் இன்றே தெரியும்.

சின்னாறு வேறு மாதிரி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காட்டு மழையை அள்ளிக்கொண்டு ஒகேனக்கல்லில் வந்து சேரும் ஆறு அது. அதில் வரும் வெள்ளத்துக்கு இரண்டு நாள் அவகாசமெல்லாம் கிடையாது. அஞ்செட்டிப் பக்கம் இடி இடித்தால் அன்றைக்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தண்ணீரில் இருக்கும்போது கவனிக்க வேண்டியவை: தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாவது, காய்ந்த இலையும் சுள்ளியும் நுரையும் வரிசையாக மிதந்து வருவது, சலசலத்துக்கொண்டிருந்த பாறைகள் திடீரென்று அமைதியாவது. இந்த மூன்றாவதைப் பலர் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாறை மூழ்கியதால்தான் சத்தம் நின்றது.

கரை ஒதுங்கியிருந்தால் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் குச்சி நனைந்தால் கிளம்ப வேண்டாம், படகை மேலே இழுங்கள். தண்ணீரில் இருந்தால் ஊர் இருக்கும் கரைக்கு, ஓட்டத்தோடு சாய்வாகப் போங்கள். எதிர்த்துப் போராடி நேர்க்கரை பிடிக்க முயன்றால் பெட்ரோலும் கையும் ஓய்ந்துவிடும். நடு மணல்திட்டிலும் பாறைத் திட்டிலும் ஒதுங்கவே கூடாது. கட்டும்போது கயிற்றைத் தாராளமாக விடுங்கள். இறுக்கிக் கட்டிய படகின் முன்முனை, தண்ணீர் ஏறும்போது கீழே இழுபட்டு மூழ்கிவிடும்.

தண்ணீர்மேல் கருத்த சிலிர்ப்பு ஓடுகிறது, படகின் முன்முனை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது

காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று தேக்கத்தின் அகன்ற பரப்பில் தடையில்லாமல் ஓடும். காலையில் கண்ணாடியாகக் கிடந்த தண்ணீர், வெயில் ஏறிய பிறகு அலை அடிக்கும். அந்த மாதங்களில் விடியற்காலையில் கிளம்பி, பகல் பதினொரு மணிக்குள் கரை ஒதுங்குவதுதான் முறை.

இந்தக் காற்று உங்களைப் பண்ணவாடிக் கரையிலிருந்து நாகமரைக் கரைக்குத் தள்ளும். மேற்குக் கரையை ஒட்டிப் போனால் அந்தப் பக்கத்து மேடும் குன்றும் கொஞ்சம் மறைப்புக் கொடுக்கும். கிழக்குக் கரையை ஒட்டிப் போகும்போது எஞ்சின் நின்றால், நங்கூரம் போடுவதற்குள் அலை உங்களைக் கல்லில் கொண்டுபோய் மோதும்.

தனி ஆளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எஞ்சினும் நீங்களும் பின்னால், முன்னால் ஒன்றுமில்லை. முன்முனை தூக்கிக்கொண்டு நிற்கும், காற்று அதைப் பிடித்துத் திருப்பும், படகு அலைக்குக் குறுக்கே விழும். பெட்ரோல் கேன், தண்ணீர்க் கேன், மூட்டை எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக் கட்டுங்கள். படகு சொன்னபடி கேட்க ஆரம்பிக்கும். அலைக்கு நேராகவும் வேண்டாம், குறுக்காகவும் வேண்டாம். சாய்வாக ஏறி இறங்குங்கள். எஞ்சின் நின்றுவிட்டு நங்கூரமும் எட்டவில்லை என்றால், பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி முன்பக்கத்திலிருந்து தண்ணீரில் விடுங்கள். வாளி தண்ணீரைப் பிடித்து இழுப்பதால் முன்முனை காற்றைப் பார்த்தபடியே நிற்கும். அந்த நேரத்தில் எஞ்சினைப் பார்க்கலாம்.

சித்திரை, வைகாசிக் கோடை மழையில் மின்னலும் சேர்ந்து வரும். முதல் இடி கேட்டதுமே கரை.

அடியில் ஏதோ உரசுகிறது

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தபோது இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் மூழ்கின. அணையின் முழு மட்டம் 120 அடி. மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், பார்க்கக் கூட்டம் வரும். முழுக்க வெளியே தெரிகிற நந்தியால் ஆபத்தில்லை. அரை அடி தண்ணீருக்குள் மறைந்திருக்கும் சுவரும் கிணற்று மேடும் பட்ட மரமும்தான் ஆபத்து. கிளம்பும் அன்றைய அணை மட்டத்தைப் பார்த்துவிட்டு, துறையில் ‘இந்த மட்டத்துல எங்கண்ணா கல்லு இருக்கும்?’ என்று கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத பதில் கிடைக்கும்.

ஓடும் தண்ணீரில் கண்ணை நம்பலாம். தண்ணீர்மேல் கூர்முனை உங்களைப் பார்த்து நின்றால் அங்கே பாறை. கூர்முனை போகும் திசையில் நீண்டிருந்தால் இரண்டு பாறைக்கு நடுவே வழி. உரசல் கேட்டதும் எஞ்சினைத் தூக்கி, மூங்கில் கழியால் ஆழம் பார்த்து, வந்த வழியே பின்வாங்குங்கள்.

தண்ணீரில் விழுந்துவிட்டால்

கில் சுவிட்சின் கயிறு உங்கள் மணிக்கட்டில் இருந்தால் படகு நிற்கும். இல்லாவிட்டால் படகு உங்களை விட்டுப் போய்விடும். லைஃப் ஜாக்கெட் மூட்டைக்குள் இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். ஓட்டத்தில் விழுந்தால் மல்லாந்து, கால்களைப் போகும் திசையில் நீட்டி மிதந்து கரைப்பக்கம் சாயுங்கள். எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறைச் சந்தில் கால் சிக்கும். படகில் ஏறப் பின்பக்கமாக ஒரு கயிற்று வளையம் முன்கூட்டியே தொங்கவிட்டிருங்கள், அதில் கால் வைத்து ஏறலாம். பக்கவாட்டில் ஏறினால் படகு உங்கள்மேல் கவிழும். இந்த ஆற்றில் முதலை உண்டு, ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலைப் பண்ணையே இருக்கிறது. படகிலிருந்து காலைத் தொங்கவிட்டுப் போவதும், ஆளில்லாத கரையில் முழங்கால் தண்ணீரில் நிற்பதும் வேண்டாம்.

தலை கிறுகிறுக்கிறது, வியர்வை நின்றுவிட்டது

வெயில் அடித்துவிட்டது. கரை பக்கமென்றால் கரைக்கு, இல்லையென்றால் நங்கூரம். துண்டை நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டு, ஓ.ஆர்.எஸ். கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பேச்சு குழறினால் 108. அந்த நிலையில் எஞ்சினை எடுக்கவே வேண்டாம்.

காலையில் பார்த்தால் படகு சேற்றில் நிற்கிறது

டெல்டாவுக்காக அணை திறந்திருக்கும் நாட்களில் இது நடக்கும். வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், வரத்தைவிடத் திறப்பு அதிகமாக இருந்தால் மட்டம் தினமும் இறங்கும். சரிவு குறைந்த கரையில் சில அங்குலம் இறங்கினாலே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். படகிலிருந்து சேற்றில் குதிக்காதீர்கள், மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே இடுப்பளவு வண்டல் இருக்கலாம். பலகையையோ துடுப்பையோ கிடையாகப் போட்டு அதன்மேல் கால் வைத்து இறங்குங்கள். எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, மூங்கில் உருளை போட்டுத் தள்ளினால் நகரும். தனியாக முடியவில்லை என்றால் துறையிலிருந்து ஆள் வரும்வரை காத்திருங்கள். இப்படிப்பட்ட நாட்களில் இரவு கட்டும்போது செங்குத்தான கரையைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலை மிச்சம்.

இருட்டப்போகிறது, ஊர் இன்னும் வரவில்லை

ஐந்து மணிக்கே முடிவெடுங்கள், ஆறு மணிக்கு அல்ல. இருட்டியபின் வலை தெரியாது, கட்டை தெரியாது. காட்டுக்கரை என்றால் அந்த நேரத்தில் யானை தண்ணீருக்கு இறங்கும், அதனால் கரையில் தங்க இடம் தேட வேண்டாம். விளக்கு தெரிகிற ஊர்ப்பக்கத்தை நோக்கி, போக முடிந்த தூரம் போய், கரையிலிருந்து சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டுப் படகிலேயே இருங்கள். டார்ச்சை ஊர்ப்பக்கம் எரியவிடுங்கள்.

காட்டை ஒட்டிய பகுதியில் போன் சிக்னல் பல இடத்தில் கிடைக்காது. அதனால் கிளம்பும்போதே கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்: எங்கே இறக்கினேன், எந்தத் துறையில் ஏறுவேன், படகின் நிறம் என்ன, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் 112-ஐயும் 101-ஐயும் கூப்பிட வேண்டும். அவர் ஆற்றங்கரை ஊர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. பரிசலோடு தேடக் கிளம்புகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். சிக்னல் கிடைத்த முதல் இடத்தில் அவருக்கு அழைத்து, எந்தக் கரையில், எந்த ஊர் விளக்கு எதிரே நிற்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, விடியும்வரை அந்த இடத்தை விட்டு நகராமல் இருங்கள்.